அமெரிக்க சிவில் ரைட்ஸ் போராட்டம்: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவுல கறுப்பின மக்கள் சம உரிமைக்குப் போராடின வரலாறப் பத்திப் பேச ஆரம்பிச்சா வர்ற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒண்ணேதான். ஒவ்வொருத்தருக்கும் தனியா பதில் சொல்றதுக்குப் பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன், கேள்விகள கேட்டவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். வரிசையா படிச்சா நல்லது, பின்னாடி வர்ற பதில்கள் முன்னாடி சொன்னத வெச்சுத்தான் போகுது.

அடிமை முறைய 1865லயே ஒழிச்சுட்டாங்களே, அப்புறம் 1950, 60கள்ல எதுக்குப் போராட்டம்?

அடிமை முறை போச்சு, ஆனா அந்த இடத்துல வேற ஒரு ஏற்பாடு வந்து உக்காந்துக்கிச்சு. உள்நாட்டுப் போர் முடிஞ்சதும் அரசியல் சட்டத்துல மூணு திருத்தம் வந்துச்சு. 13வது (1865) அடிமை முறைய ஒழிச்சுது, 14வது (1868) எந்த மாநிலமும் யாருக்கும் சட்டத்தோட சமமான பாதுகாப்ப மறுக்கக் கூடாதுன்னுச்சு, 15வது (1870) நிறத்தக் காரணம் காட்டி ஓட்டுரிமைய மறுக்கக் கூடாதுன்னுச்சு. கொஞ்ச வருஷம் இது நடக்கவும் செஞ்சுது, தெற்கு மாநிலங்கள்ல கறுப்பர்கள் ஓட்டு போட்டாங்க, சட்டசபைக்குப் போனாங்க, நாட்டோட நாடாளுமன்றமான காங்கிரசுக்கும் போனாங்க.

1877ல வாஷிங்டன் கை கழுவிடுச்சு, தெற்குல மாநில அரசுகளுக்குக் காவலா இருந்த ராணுவத்த விலக்கிக்கிச்சு. அதுக்கப்புறம் பழைய ஆளுங்க ஆட்சிக்கு வந்து ஒவ்வொரு மாநிலமா ஜிம் க்ரோ சட்டங்கள், அதாவது வெள்ளையர், கறுப்பர்னு பிரிக்கிற சட்டங்கள் போட்டாங்க. பள்ளிக்கூடம், ரயில், பஸ், ஆஸ்பத்திரி, குடிதண்ணிக் குழாய், சுடுகாடு வரைக்கும் பிரிச்சாங்க. எதிர்த்துப் பேசினவன கும்பல் அடிச்சுக் கொன்னாலும் கேக்க ஆளில்ல. அதனால 1950கள்ல போராடினவங்க புதுசா ஒரு உரிமையும் கேக்கல, எண்பது வருஷத்துக்கு முன்னாடி எழுதி வெச்சத நடத்துங்கன்னுதான் கேட்டாங்க.

"தனித்தனியா, ஆனா சமமா" இத கோர்ட்டே ஒத்துக்கிச்சா? நம்பவே முடியல

ஆமா, ஒத்துக்கிச்சு. 1892ல லூசியானாவுல ஹோமர் பிளெஸ்ஸிங்கிறவர் வேணும்னே வெள்ளைக்காரங்க ரயில் பெட்டியில ஏறி கைதானார், சட்டத்த சோதிக்கணும்னே ஒரு குழு திட்டம் போட்டு செஞ்சது அது. கேஸ் 1896ல சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு, 7க்கு 1னு தோத்தாங்க. பெட்டி தனியா இருந்தாலும் வசதி சமமா இருந்தா 14வது திருத்தத்துக்கு ஒண்ணும் ஆகலன்னு கோர்ட் சொல்லிடுச்சு. ஜஸ்டிஸ் ஜான் மார்ஷல் ஹார்லன் ஒருத்தர் மட்டும் நம்ம அரசியல் சட்டத்துக்கு நிறம் தெரியாதுன்னு மறுத்து எழுதினார்.

அந்த "சமமா"ங்கிறது எந்த ஊர்லயும் நடக்கல, யாரும் நடத்தச் சொல்லி உள்ள இறங்கவும் இல்ல. 58 வருஷம் இதுதான் சட்டம்.

15வது திருத்தம் இருக்குல்ல, அப்ப ஓட்டு போட விடாம எப்படித் தடுக்க முடியும்?

நிறத்தப் பத்தி ஒரு வார்த்தை கூட எழுதாமத் தடுத்தாங்க. ஓட்டு போடணும்னா வரி கட்டணும், அரசியல் சட்டத்துல ஒரு பகுதியப் படிச்சு அதிகாரிக்குத் திருப்தியா விளக்கம் சொல்லணும், அந்தத் திருப்தி கறுப்பு ஆசிரியர் வந்தா வராது, எழுதப் படிக்கத் தெரியாத வெள்ளைக்காரன் வந்தா வந்துடும். இன்னொரு வழி, டெமாக்ரடிக் கட்சியோட உட்கட்சித் தேர்தல்ல வெள்ளைக்காரங்க மட்டும்தான் ஓட்டு போடலாம்னு கட்சியே விதி வெச்சுக்கும். தெற்குல அந்தக் கட்சி நிறுத்தற ஆள்தான் ஜெயிப்பான், அதனால உண்மையான தேர்தல் அங்கயே முடிஞ்சுடும். இத 1944ல டெக்சாஸ் கேஸ்ல கோர்ட் செல்லாதுன்னு அடிச்சுது. மிச்சமெல்லாம் 1960கள் வரைக்கும் ஓடுச்சு.

இதெல்லாம் தாண்டி ஒருத்தர் பேர் பதிஞ்சுட்டா வேலை போகும், வீட்ட காலி பண்ணச் சொல்லுவாங்க, சில இடத்துல உயிரே போகும். இந்த பயம் தெரியாம மத்த எதுவும் புரியாது.

சார், பிரவுன் கேஸ்னா ஒரு சின்னப் பொண்ணுக்கு பக்கத்து ஸ்கூல்ல இடம் தரல, அப்பா கேஸ் போட்டார், அவ்ளோதானே?

அது அஞ்சுல ஒண்ணு. கேன்சஸ், தென் கரோலினா, வர்ஜீனியா, டெலாவேர்னு நாலு மாநிலம், கூட வாஷிங்டன் டிசி, இந்த அஞ்சு கேஸையும் சுப்ரீம் கோர்ட் சேத்துக் கேட்டுச்சு. கேன்சஸ்ல டொபீகா ஊரு லிண்டா பிரவுனோட அப்பா பேரு முன்னாடி இருந்ததால அந்தப் பேரு நின்னுடுச்சு. டொபீகாவுல ரெண்டு பக்கமும் பள்ளிக்கூடங்கள் வசதியில கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருந்துச்சு, அதனால "வசதிய சரி பண்ணிடறோம்"னு அரசாங்கம் தப்பிக்க முடியல, பிரிக்கிறதே தப்பாங்கிற கேள்விய கோர்ட் நேரா பாத்தாகணும்.

எனக்கு மனசுல நிக்கிறது மத்த ரெண்டு. தென் கரோலினாவுல கிளாரண்டன் கவுண்டில ஜனங்க முதல்ல கேட்டது புள்ளைங்களுக்கு ஒரு ஸ்கூல் பஸ், அவ்ளோதான். கேஸ்ல கையெழுத்து போட்ட ஹாரி பிரிக்ஸ் பெட்ரோல் பங்க் வேலைய இழந்தார், மனைவிக்கும் வேலை போச்சு. வர்ஜீனியாவுல ஃபார்ம்வில் ஊர்ல 1951 ஏப்ரல்ல பார்பரா ஜான்ஸ்னு 16 வயசுப் பொண்ணு, தார் பேப்பர் ஒட்டின கொட்டகையில எங்களால படிக்க முடியாதுன்னு பள்ளிக்கூடத்தையே ஸ்ட்ரைக்குக்குக் கூட்டிட்டுப் போச்சு, 400க்கு மேல பசங்க வெளிய வந்துட்டாங்க. பெரிய வக்கீலுங்க வந்ததெல்லாம் அதுக்கப்புறம்.

வக்கீலுங்களும் சும்மா வரல. கறுப்பர் உரிமைக்காக நடக்கற என்ஏஏசிபி அமைப்புல சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன், அவரோட மாணவர் தர்குட் மார்ஷல் ரெண்டு பேரும் 1930கள்ல இருந்து படிப்படியா போனாங்க. முதல்ல சட்டக் கல்லூரி, மேல்படிப்புன்னு பிடிச்சாங்க, 1938ல மிசூரி, 1950ல டெக்சாஸ், ஓக்லஹோமா எல்லாம் ஜெயிச்சப்புறம்தான் சின்னப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துல கை வெச்சாங்க.

ஒம்பது ஜட்ஜும் ஒரே மாதிரி தீர்ப்பு எப்படி? ஒருத்தர் கூடவா மறுக்கல?

முதல் விசாரணை 1952 டிசம்பர்ல நடந்தப்ப ஒருமித்த கருத்து இல்ல. மறுபடி கேக்கலாம்னு தள்ளி வெச்சாங்க, அதுக்குள்ள 1953 செப்டம்பர்ல தலைமை நீதிபதி வின்சன் இறந்துட்டார், ஐசன்ஹோவர் அந்த இடத்துக்கு கலிஃபோர்னியா கவர்னர் ஏர்ல் வாரனக் கொண்டு வந்தார். வாரன் அடிப்படையில அரசியல்வாதி, ஆளுகள சேத்துப் பிடிக்கத் தெரிஞ்சவர். பிளவுபட்ட தீர்ப்பு வந்தா தெற்குல அதையே ஆயுதமாக்குவாங்கன்னு புரிஞ்சு ஒவ்வொருத்தராப் பேசிப் பேசி, கடைசியா கென்டக்கிக்காரர் ஸ்டான்லி ரீடையும் சம்மதிக்க வெச்சார். 1954 மே 17, பள்ளிக்கூடத்துல பிரிக்கிறதே அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு 9க்கு 0ல தீர்ப்பு. மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரில இருந்த ஜஸ்டிஸ் ஜாக்சன் கூட அன்னிக்கு வந்து மத்தவங்களோட உக்காந்தார்.

இன்னொண்ணும் சொல்லணும். இதே வாரன் 1942ல ஜப்பானிய அமெரிக்கர்கள முகாம்ல அடைக்கணும்னு முன்னால நின்னவர். இந்தத் தீர்ப்பப் பேசறப்ப அதையும் மறைக்கக் கூடாதுன்னு நினைக்கிறேன்.

தீர்ப்பு வந்துடுச்சு, அப்புறம் எல்லா ஸ்கூலும் ஒண்ணாயிடுச்சா?

இல்ல, இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. எப்படி அமல்படுத்தறதுன்னு 1955ல இன்னொரு தீர்ப்பு வந்துச்சு, அதுல தேதியே கிடையாது, யோசிச்சு, முடிஞ்ச வேகத்துல செய்யுங்கங்கிற மாதிரி ஒரு வாசகம். தெற்கு மாநிலங்கள் அத "எப்ப வேணா செய்யலாம்"னு எடுத்துக்கிட்டாங்க. 1956ல 19 செனட்டரும் 82 கீழ்சபை உறுப்பினரும் சேந்து தீர்ப்ப எதிர்ப்போம்னு அறிக்கை விட்டாங்க. பத்து வருஷம் கழிச்சுப் பாத்தாலும் பழைய கூட்டமைப்பு மாநிலங்கள்ல (உள்நாட்டுப் போர்ல பிரிஞ்சு போன தெற்கு மாநிலங்கள்) வெள்ளைப் புள்ளைங்களோட சேந்து படிச்ச கறுப்புப் புள்ளைங்க 2 சதவீதம் கூட இல்ல.

1957ல ஆர்கன்சாஸ் லிட்டில் ராக்ல ஒம்பது கறுப்பு மாணவர்கள் வெள்ளைக்காரங்க ஹைஸ்கூலுக்குள்ள போகக் கூடாதுன்னு கவர்னர் ஃபாபஸ் மாநிலப் படைய நிறுத்தினார், ஐசன்ஹோவர் 101வது ஏர்போர்ன் படைய அனுப்பித்தான் அந்தப் புள்ளைங்க கிளாஸுக்குப் போனாங்க. அடுத்த வருஷம் அந்த ஊர் ஹைஸ்கூல்களையே மூடிட்டாங்க. பார்பரா ஜான்ஸ் ஊரு இருக்கிற பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி இன்னும் மோசம், 1959ல இருந்து 1964 வரைக்கும் அரசுப் பள்ளி ஒண்ணு கூட கிடையாது, வெள்ளைப் புள்ளைங்களுக்குத் தனியார் பள்ளி தொடங்கிக்கிட்டாங்க, கறுப்புப் புள்ளைங்க அஞ்சு வருஷப் படிப்பு போச்சு. ஸ்ட்ரைக் பண்ணின ஊருக்கு கெடைச்ச தண்டனை மாதிரி இருக்கு, படிக்கிறப்பல்லாம் வயிறு எரியும்.

நிஜமா மாறினது 1964 சிவில் ரைட்ஸ் சட்டத்துக்கு அப்புறம்தான், பிரிச்சு வெச்சா வாஷிங்டன் பணம் வராதுன்னு சொன்னாங்க, அடுத்த வருஷமே பள்ளிகளுக்கு வாஷிங்டன் பணம் பெரிய அளவுல வர ஆரம்பிச்சுது. 1968, 69ல கோர்ட்டும் இனிமே தள்ளிப் போடாதீங்கன்னு கறாரா சொல்லிடுச்சு.

ரோசா பார்க்ஸ் கால் வலியில எந்திரிக்கலன்னு ஸ்கூல்ல படிச்சோம், அது உண்மையா?

பஸ்ல வெள்ளைக்காரருக்கு சீட் விட மறுத்துக் கைதானப்ப வேலை முடிச்சு வந்தவங்கதான், ஆனா உடம்பு களைப்பு காரணம் இல்லன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. அவங்க 1943ல இருந்து அலபாமாவுல மான்ட்கோமரி ஊர் என்ஏஏசிபி கிளைக்குச் செயலாளர், 1955 கோடையில ஒரு பயிற்சிப் பள்ளிக்கும் போயிட்டு வந்தவங்க. அந்த டிசம்பர் 1க்கு ஒம்பது மாசம் முன்னாடி கிளாடெட் கால்வின்னு 15 வயசுப் பொண்ணும் அதே ஊர்ல பஸ்ல எந்திரிக்காம கைதாச்சு. பார்க்ஸ் கைதான ராத்திரியே ஜோ ஆன் ராபின்சன்ங்கிற கல்லூரி ஆசிரியை விடிய விடிய ஆயிரக்கணக்குல நோட்டீஸ் அடிச்சு ஊர் பூரா குடுத்தாங்க. அவங்க இருந்த பெண்கள் குழு பஸ் பகிஷ்காரத்தப் பத்தி ஒரு வருஷத்துக்கு மேலயே பேசிக்கிட்டு இருந்துச்சு. பகிஷ்காரத்துக்குத் தலைமை தாங்கின மார்ட்டின் லூதர் கிங் அப்ப 26 வயசுப் பாதிரியார், ஊருக்குப் புதுசு.

பஸ் பகிஷ்காரம்தான ஜெயிச்சுது? இதுல கோர்ட் எங்க வந்துச்சு?

381 நாள் ஜனங்க நடந்தாங்க, ஷேர் கார்ல போனாங்க, பஸ் பயணிகள்ல முக்கால்வாசி அவங்கதான், கம்பெனிக்கு பலத்த அடி. ஆனாலும் நகராட்சி இறங்கி வரல. பிரிவினைய முடிச்சு வெச்சது பிரௌடர் கேஸ், ஃப்ரெட் கிரேங்கிற இளம் வக்கீல் போட்டது, அதுல கால்வின் உட்பட நாலு பெண்கள் வாதிகள். பார்க்ஸ் அதுல இல்ல, அவங்க கேஸ் மாநிலக் கோர்ட்ல மாட்டிக்கிட்டு இருந்துச்சு. 1956 நவம்பர் 13 அன்னிக்கு உள்ளூர் கோர்ட்ல நகராட்சி ஷேர் கார்களுக்கே தடை வாங்கிட்டு இருக்கு, அதே நாள் சுப்ரீம் கோர்ட் பஸ் பிரிவினை செல்லாதுன்னு உறுதி பண்ணின செய்தி வருது. தடை ஒரு நாள் முன்னாடி வந்து, தீர்ப்பு ஒரு வருஷம் தள்ளிப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நடந்தவங்க இல்லன்னா கேஸ் வெறும் பேப்பர், கேஸ் இல்லன்னா நடந்தவங்க கால் தேஞ்சதுதான் மிச்சம்.

காந்தி தொடர்புன்னு சொல்றாங்களே, சும்மா நம்ம பெருமைக்கா?

இல்லங்க, நேரடித் தொடர்பு இருக்கு. 1936லயே ஹோவர்ட் தர்மன்ங்கிற கறுப்பினப் பாதிரியார் இந்தியா வந்து காந்தியப் பாத்தார். ஜேம்ஸ் லாசன்ங்கிற இன்னொரு கறுப்பினப் பாதிரியார் 1950கள்ல நாக்பூர்ல மூணு வருஷம் இருந்து படிச்சுட்டுப் போய் நாஷ்வில் மாணவர்களுக்கு அடி வாங்கியும் திருப்பி அடிக்காம இருக்கப் பயிற்சி குடுத்தார், பின்னால வந்த போராட்டங்கள்ல முன்வரிசையில நின்னது அந்தப் பசங்கதான். கிங் தம்பதி 1959ல ஒரு மாசம் இந்தியாவுல சுத்தினாங்க, மெட்ராஸ், காந்திகிராமம், கன்னியாகுமரி எல்லாம் வந்தாங்க. திருவனந்தபுரத்துல தலித் புள்ளைங்க படிக்கிற ஒரு பள்ளியில தலைமை ஆசிரியர் "அமெரிக்காவுலேருந்து வந்திருக்கிற இன்னொரு தீண்டத்தகாதவர்"னு அறிமுகம் பண்ணினாராம், முதல்ல அதிர்ச்சியா இருந்துச்சு, அப்புறம் யோசிச்சா உண்மைதான்னு பட்டுச்சுன்னு கிங் 1965ல ஒரு பிரசங்கத்துல சொன்னார்.

பஸ் ஸ்டாண்ட் பிரிவினை செல்லாதுன்னு கோர்ட் சொல்லிட்டப்புறம் ஃப்ரீடம் ரைட் எதுக்கு? ஜெயிச்ச கேஸுக்கு ஏன் அடி வாங்கணும்?

பள்ளிக்கூட விஷயத்துல மேல சொன்ன அதே கதைதான். மாநிலம் விட்டு மாநிலம் போற பஸ்ல பிரிக்கக் கூடாதுன்னு 1946லயே தீர்ப்பு, பஸ் நிலைய ஓட்டலுக்கும் அதுதான்னு 1960ல தீர்ப்பு, தெற்குல யாரும் மதிக்கல. 1961 மே மாசம் கறுப்பரும் வெள்ளையரும் சேந்து 13 பேர் அந்தத் தீர்ப்புகள சோதிக்க வாஷிங்டன்ல இருந்து தெற்குக்கு பஸ்ல கிளம்பினாங்க, அதுதான் ஃப்ரீடம் ரைட், அலபாமா ஆனிஸ்டன் பக்கத்துல ஒரு பஸ்ஸ கொளுத்திட்டாங்க. நிறுத்திடலாம்னு பேச்சு வந்தப்ப வன்முறை ஜெயிச்சதா ஆயிடும்னு சொல்லி மாணவர் தலைவி டயான் நாஷ் நாஷ்வில்ல இருந்து அடுத்த குழுவ அனுப்பினாங்க. அந்தக் கோடையில 300க்கு மேல பேர் மிசிசிப்பி ஜெயிலுக்குப் போனாங்க. அப்புறம்தான் போக்குவரத்துக் கமிஷன் கறாரா உத்தரவு போட்டு, நவம்பர் 1ல இருந்து பஸ் நிலையத்துல பிரிவினை போர்டெல்லாம் கழட்ட வேண்டி வந்துச்சு.

பர்மிங்காம்ல குழந்தைகள ரோட்டுக்கு இறக்கினது சரியா அண்ணா?

அப்பவே இந்தக் கேள்வி வந்துச்சு, இன்னொரு கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் கடுமையா திட்டினார். பெரியவங்க ஜெயிலுக்குப் போனா வேலை போகும், வீட்டு வாடகை நிக்கும், பசங்களுக்கு அது இல்லங்கிறது கிங்கோட வேலை பாத்த ஜேம்ஸ் பெவல் சொன்ன கணக்கு. 1963 மே மாசம் அலபாமா பர்மிங்காம்ல பிரிவினைய எதிர்த்து ஆயிரக்கணக்குல பசங்க ஊர்வலம் வந்தாங்க, போலீஸ் கமிஷனர் புல் கானர் நாய விட்டார், தீயணைப்புக் குழாயத் திருப்பினார், உலகம் பூரா அந்தப் படம் போச்சு. என்னால அத முழு மனசா சரின்னு சொல்ல முடியல, ஆனா அந்தப் பசங்க விவரம் தெரியாம வந்தவங்கன்னு சொல்றதையும் ஏத்துக்க முடியாது, தினமும் எந்த வாசல்ல நுழையக் கூடாதுன்னு தெரிஞ்சு வளந்தவங்க அவங்க.

கிங் சட்டத்த மீறித்தானே ஜெயிலுக்குப் போனார், கோர்ட் அவர விடுதலை பண்ணிச்சா?

பண்ணல, பலருக்கு இது தெரியாது. பர்மிங்காம்ல ஊர்வலம் போகக் கூடாதுன்னு மாநில ஜட்ஜ் தடை போட்டார், கிங் மீறினார். 1967ல சுப்ரீம் கோர்ட் 5க்கு 4ல தண்டனை சரிதான்னுச்சு, தடை தப்புன்னா முதல்ல கோர்ட்டுக்குப் போய் நீக்கியிருக்கணும், மீறிட்டு வரக் கூடாதுன்னு. கிங் மறுபடி அலபாமா ஜெயிலுக்குப் போனார். அந்த ஊர்வல லைசன்ஸ் விதியே அரசியல் சட்டத்துக்கு எதிரானதுன்னு 1969ல ஷட்டில்ஸ்வொர்த் கேஸ்ல அதே கோர்ட் சொல்லுச்சு, அப்ப கிங் உயிரோட இல்ல. அதனால வாரன் கோர்ட் எப்பவும் இயக்கத்து பக்கம்னு நினைச்சுக்க வேணாம்.

1964 சட்டம் கென்னடி கொண்டு வந்ததா, ஜான்சன் கொண்டு வந்ததா?

மசோதா அறிவிச்சது கென்னடி, 1963 ஜூன் 11 டிவி பேச்சுல, பர்மிங்காம் படங்கள் வந்து ஒரு மாசத்துல. அன்னிக்கு ராத்திரியே மிசிசிப்பில என்ஏஏசிபி நிர்வாகி மெட்கர் எவர்ஸ வீட்டு வாசல்ல சுட்டுட்டாங்க. கென்னடி கொலைக்கு அப்புறம் நிறைவேத்தினது ஜான்சன். செனட்ல தெற்கத்திக்காரங்க மாசக்கணக்கா பேசிக்கிட்டே இருந்து ஓட்டெடுப்பத் தடுத்தாங்க, அத நிறுத்த 67 ஓட்டு வேணும், ரிப்பப்ளிகன் தலைவர் டர்க்சன் கை குடுத்து 71 ஓட்டு கெடைச்சுது. ஜூலை 2 கையெழுத்து.

டெமாக்ரட்டுகதான் எதிர்த்தாங்கன்னு ஒரு கோஷ்டி, ரிப்பப்ளிகன்தான்னு இன்னொரு கோஷ்டி. எது நிஜம்?

கட்சிய விட ஊரப் பாருங்க. செனட்ல டெமாக்ரட் 46க்கு 21, ரிப்பப்ளிகன் 27க்கு 6னு ஆதரவு, அதாவது சதவீதத்துல ரிப்பப்ளிகன்தான் அதிகம். ஆனா எதிர்த்த டெமாக்ரட் பெரும்பாலும் தெற்கு. எதிர்த்த ஆறு ரிப்பப்ளிகன்ல ஒருத்தர் கோல்ட்வாட்டர், அதே வருஷம் அவங்க கட்சியோட ஜனாதிபதி வேட்பாளர், சொந்த மாநிலம் அரிசோனாவத் தவிர ஜெயிச்ச அஞ்சும் ஆழ்தெற்கு மாநிலங்கள். 1948ல டெமாக்ரடிக் கட்சிய விட்டு தனியா ஜனாதிபதி தேர்தல்ல நின்ன தெற்கத்திக்காரர் ஸ்ட்ராம் தர்மண்ட் 1964ல ரிப்பப்ளிகனா மாறினார். கட்சிப் பேரு அப்படியே இருக்கு, ஓட்டு இடம் மாறிடுச்சு, அதனால 1964 கணக்க வெச்சு இன்னிக்குச் சண்டை போடறதுல அர்த்தமில்ல.

தனியார் லாட்ஜ்காரன் யாருக்கு ரூம் தரணும்னு அரசாங்கம் எப்படிச் சொல்லலாம்?

நல்ல கேள்வி, லாட்ஜ், ஓட்டல்ல நிறம் பாத்து ஆள விலக்கக் கூடாதுன்னு 1964 சட்டம் சொல்லுச்சு. 14வது திருத்தம் மாநில அரசத்தான் கட்டுப்படுத்தும், தனியாரை இல்லன்னு 1883லயே ஒரு தீர்ப்பு இருக்கு. அதனால காங்கிரஸ் வேற வழியப் பிடிச்சுது, மாநிலங்களுக்கு நடுவுல நடக்கற வணிகத்த ஒழுங்குபடுத்தற அதிகாரம். அட்லாண்டாவுல ஒரு மோட்டல்காரர் சட்டம் வந்த உடனே கேஸ் போட்டார். தங்கறவங்கள்ல பெரும்பாலானவங்க வெளி மாநிலத்துக்காரங்க, கறுப்பர்களுக்கு ரூம் இல்லன்னா பயணமே குறையுது, அது வணிகத்தத்தான் பாதிக்குதுன்னு 1964 டிசம்பர்ல கோர்ட் ஒருமனசா சொல்லுச்சு. உள்ளூர்ல மட்டும் ஓடற பர்மிங்காம் ஓட்டல் ஒண்ணுக்கும் அதே நாள் அதே பதில், அவங்க வாங்கற கறி வெளி மாநிலத்துல இருந்து வருதுன்னு. மனுஷ மரியாதைய கறி கணக்கு வழியா நிரூபிக்க வேண்டி வந்தது எனக்கு உறுத்தலாத்தான் இருக்கு.

பத்திரிகை சுதந்திர கேஸுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

1960ல கிங் வழக்குச் செலவுக்கு நிதி கேட்டு நியூயார்க் டைம்ஸ்ல ஒரு விளம்பரம், அதுல சின்னச் சின்ன தகவல் பிழை இருந்துச்சு. அந்த விளம்பரத்துல பேரே வராத மான்ட்கோமரி கமிஷனர் சல்லிவன் மானநஷ்ட கேஸ் போட்டு உள்ளூர் ஜூரிகிட்ட 5 லட்சம் டாலர் வாங்கினார். இப்படியே போனா தெற்கப் பத்தி எந்தப் பத்திரிகையும் எழுதாது. பொய்னு தெரிஞ்சோ உண்மையா பொய்யான்னு கவலையே படாமலோ எழுதினாத்தான் அரசு அதிகாரி நஷ்டஈடு கேக்கலாம்னு 1964ல கோர்ட் 9-0ல சொல்லுச்சு. நாய் விட்ட படமும் 1965ல செல்மா பாலத்துல அடிச்ச படமும் வெளிய வந்ததாலதான் சட்டமே வந்துச்சு, அந்த வகையில இது முக்கியமான கேஸ்.

வடக்குல இந்தப் பிரச்சனையே இல்லையா?

போர்டு இல்ல, பிரச்சனை இருந்துச்சு. வீட்டுப் பத்திரத்துலயே கறுப்பர்களுக்கு விக்கக் கூடாதுன்னு எழுதுவாங்க, 1948ல கோர்ட் அத அமல்படுத்த மாட்டோம்னுச்சு, ஆனா பேங்க் கடன், அரசு வீட்டுக்கடன் காப்பீடு எல்லாம் அதே வேலையத் தொடர்ந்து செஞ்சுது. 1966ல சிகாகோவுல கிங் மேல கல்லு விழுந்துச்சு. வீட்டு வசதிச் சட்டம் அவர் கொலையான ஒரு வாரத்துல, 1968 ஏப்ரல் 11ல தான் கையெழுத்தாச்சு.

பிரவுன் தீர்ப்பும் வடக்குல பாதியிலேயே நின்னுடுச்சு. டெட்ராய்ட் நகரத்துப் பள்ளிகளையும் சுத்தி இருக்கிற புறநகர்ப் பள்ளிகளையும் சேக்க முடியாதுன்னு 1974ல 5-4 தீர்ப்பு. அதுக்கு மறுப்பு எழுதினவங்கள்ல ஒருத்தர் தர்குட் மார்ஷல், அப்ப அவரே சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ்.

செல்மா, ஓட்டுரிமைச் சட்டம் எல்லாம் இன்னிக்கும் அப்படியே இருக்கா?

1965 மார்ச் 7 அலபாமா செல்மா பாலத்துல, ஓட்டுரிமை கேட்டு மான்ட்கோமரிக்கு நடந்து கிளம்பின சுமார் 600 பேர மாநில போலீஸ் அடிச்சு விரட்டினது டிவியில வந்துச்சு. ரெண்டு வாரத்துல மறுபடி மான்ட்கோமரிக்கு நடக்க அனுமதி குடுத்த ஜட்ஜ் ஃப்ராங்க் ஜான்சன், பிரௌடர் கேஸ்ல பஸ் பிரிவினைய அடிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர். ஆகஸ்ட் 6 சட்டம் வந்துச்சு. மூணாவது பதில்ல சொன்ன படிப்புச் சோதனைய நிறுத்தினாங்க, பழைய பாவம் பண்ணின மாநிலங்கள் தேர்தல் விதிய மாத்தணும்னா முன்கூட்டியே வாஷிங்டன்கிட்ட அனுமதி வாங்கணும்னு வெச்சாங்க. மிசிசிப்பில பேர் பதிஞ்ச கறுப்பர்கள் 7 சதவீதத்துக்கும் கீழ இருந்து ரெண்டே வருஷத்துல 60கிட்ட வந்துட்டாங்க, ஏன்னா இந்த முறை ஒவ்வொரு கேஸா ஓட வேண்டியதில்ல, மாநிலம்தான் நிரூபிக்கணும்.

அந்த முன் அனுமதிதான் இப்ப இல்ல. எந்தெந்த மாநிலம்னு தீர்மானிக்கிற கணக்கு பழசாயிடுச்சுன்னு 2013ல ஷெல்பி கவுண்டி கேஸ்ல 5-4ல நீக்கிட்டாங்க, மழையில நனையலன்னு குடைய வீசற மாதிரின்னு ஜஸ்டிஸ் கின்ஸ்பர்க் மறுத்து எழுதினாங்க. தீர்ப்பு வந்த அன்னிக்கே, அதுவரை தடுத்து வெச்சிருந்த அடையாள அட்டைச் சட்டத்த நடத்தப் போறோம்னு டெக்சாஸ் அறிவிச்சுது. இப்போ பாதிக்கப்பட்டவங்கதான் கேஸ் போட்டுப் போராடணும். அலபாமாவுல தொகுதி பிரிச்சது தப்புன்னு அப்படிப் போட்ட கேஸ்ல 2023ல 5-4ல ஜெயிச்சாங்க, அதுக்குள்ள அந்தத் தப்பான வரைபடத்துல 2022 தேர்தல் நடந்து முடிஞ்சுடுச்சு.